பூட்டும் சாவியும் மட்டும்தானா? பூச்சிகளின் கலவி உறுப்புகள் பற்றி

மார்ச் 3: ஒரு வாசகரின் கேள்வி

"வண்டு இனங்களைப் பிரித்தறிய ஆணுறுப்பின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று படித்தேன். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பூட்டு, அதற்கேற்ற சாவி. வேற்று இனத்தோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது வெளிப்படை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

மார்ச் 3, இரவு

நிறைய இருக்கிறது.

இந்தப் பூட்டு-சாவி யோசனையை 1844இல் லியோன் துஃபூர் என்ற பிரெஞ்சுக்காரர் முன்வைத்தார். டார்வின் தன் கொள்கையை வெளியிட அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. கேட்டவுடன் சரி என்று தலையாட்ட வைக்கும் யோசனை அது. அதுதான் எனக்கு உறுத்தல். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே தலையாட்டல்.

நான் தரை வண்டுகளையும் சாண வண்டுகளையும் பல வருடங்களாக அறுத்து இனம் பார்க்கிறவன். வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊற வைப்போம். தசை, கொழுப்பு எல்லாம் கரைந்து போகும். மிஞ்சுவது வளைந்த பழுப்புக் குழாய் ஒன்று. அதை கிளிசரினில் போட்டுப் படம் வரைவோம். புத்தகங்களில் நீங்கள் பார்க்கும் "சாவி" இதுதான்.

ஆனால் கலவியின்போது பெண்ணுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் இந்தக் குழாய் இல்லை. அதற்குள் மடிந்து கிடக்கும் மெல்லிய பைதான். உடல் திரவத்தின் அழுத்தம் ஏறியதும் அது உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டு ஊதும். அதன் சுவரில் முட்கள், செதில்கள், மேடுகள் இருக்கும். நாங்கள் வரைவது காற்றிறங்கிய நிலையை. ஊதிய நிலையில் அந்தப் பையைப் பார்த்த யாரும் அதைச் சாவி என்று சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 4

நேற்று அவசரத்தில் ஆதாரத்தைச் சொல்லாமல் விட்டேன்.

பரிணாம உயிரியலாளர் கோரன் ஆர்ன்க்விஸ்ட் 1998இல் செய்த ஒப்பீடு இது. பெண் ஒரே ஒரு முறை சேரும் பூச்சிக் குழுக்களையும், பெண் பல ஆண்களோடு சேரும் நெருங்கிய குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்டு-சாவி உண்மையென்றால் முதல் வகையில்தான் வடிவ வேறுபாடு அதிகம் இருக்க வேண்டும். ஏனென்றால் ஒரே வாய்ப்பை வைத்திருக்கும் பெண் தவறான இனத்தோடு சேர்ந்தால் எல்லாம் போச்சு. கிடைத்தது நேர் எதிர். பல ஆண்களோடு சேரும் குழுக்களில் உறுப்பின் வடிவம் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக விலகியிருந்தது.

ஆக, போட்டி முக்கியமாக ஒரே இனத்துக்குள்தான். வில்லியம் எபர்ஹார்ட் 1985இலேயே இதைச் சொல்லியிருந்தார். கலவி தொடங்கியதும் தேர்வு முடிந்துவிடுவதில்லை. யாருடைய விந்தை வைத்துக்கொள்வது, யாருடையதை வெளியே தள்ளுவது என்று பெண்ணின் உடல் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் வாதம்.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

துஃபூரை ஒரேயடியாகக் கழுவி ஊற்றவும் முடியாது. ஜப்பானில் ஓஹோமோப்டெரஸ் என்ற தரை வண்டுக் குழு இருக்கிறது. ஆணிடம் கொக்கி போன்ற இறுகிய துண்டு, பெண்ணிடம் அதற்கென்று ஒரு பை. இரண்டும் நீளத்திலும் அகலத்திலும் பொருந்திப் போகும். இரண்டு இனங்கள் தவறிப்போய்ச் சேர்ந்தால் ஆணின் துண்டு முறியும், இல்லாவிட்டால் பெண்ணின் சவ்வு கிழியும். சோட்டாவும் குபோட்டாவும் 1998இல் இதைக் காட்டினார்கள். ஆர்ன்க்விஸ்டின் ஒப்பீடு வந்த அதே ஆண்டு!

சில இடங்களில் பூட்டு நிஜமாகவே இருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்கிறது என்பதோடுதான் எனக்குச் சண்டை.

மார்ச் 6

"வடிவத்தை வைத்து வேலையைச் சொல்ல முடியாது என்றால் வேறு எதை வைத்துச் சொல்வது?" நியாயமான கேள்வி. ஊசித்தட்டானிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் தட்டான்களின் வினோதம். ஆணின் விந்து வெளிவருவது வயிற்றின் 9ஆம் வளையத்தில். கலவி உறுப்போ முன்பக்கம், 2ஆம் 3ஆம் வளையங்களின் அடியில். ஆண் முதலில் தன் வயிற்றை வளைத்துத் தன் விந்தைத் தானே இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு எந்தப் பூச்சி வரிசையிலும் இப்படிச் சுற்றிவளைத்த வழி கிடையாது. நீரோரத்தில் ஜோடி வளையமாகக் கோத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொறுமையாகப் பார்த்தால் ஆணின் வயிறு நெடுநேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த அசைவு எதற்கு? 1979இல் ஜொனதன் வாகே கண்டுபிடித்தார். காலோப்டெரிக்ஸ் மாகுலாட்டா என்ற ஊசித்தட்டானில் கலவிக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று பெண்களைப் பிடித்து, அவை விந்தைச் சேமித்து வைக்கும் விந்துப்பையைத் திறந்து பார்த்தார். நடுவில் பிடித்த பெண்களின் பை கிட்டத்தட்டக் காலி. கலவி நேரத்தின் பெரும்பகுதியை ஆண் தன் விந்தைக் கொடுப்பதில் செலவிடவில்லை. முந்தைய ஆணின் விந்தை வழித்தெடுத்துக்கொண்டிருந்தது. 88 முதல் 100 சதவீதம் வரை வெளியே வந்துவிடுகிறது. உறுப்பின் நுனியில் பின்னோக்கித் திரும்பிய முட்கள் இருக்கின்றன. வேலை இதுதான் என்று ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் 6, இரவு

கோட்டோவியம் பார்த்து வேலையை ஊகிக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதே பேரினத்தில் இன்னொரு சாட்சி. காலோப்டெரிக்ஸ் ஹெமராய்டாலிஸ் இனத்தில் ஆண் உறுப்பு விந்துப்பையின் உள்ளே எட்டுவதே இல்லை. ஆனாலும் பழைய விந்து வெளியே வருகிறது. எப்படி? பெண்ணின் குழலில் இருக்கும் தகடுகளில் உணர்விகள் உள்ளன. முட்டை இறங்கும்போது அவை அழுந்தினால் கருவூட்ட விந்து வெளியே தள்ளப்படும். ஆண் அதே உணர்விகளை அழுத்திப் பெண்ணின் உடலையே அந்த வேலையைச் செய்ய வைக்கிறது. கோர்டோபா-அகிலார் 1999இல் காட்டியது இது.

பேரினம் ஒன்று, அசைவு ஒன்று, முடிவும் ஒன்று. இயந்திரம் மட்டும் வேறு.

மார்ச் 7

"விருந்தாளிகளிடம் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவீர்களா?" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, சொன்னால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மார்ச் 9

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமை வண்டுகளில் காசிடா ரூபிகினோசா என்று ஓர் இனம். ஆணிடம் உடலைவிட நீளமான, தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று இருக்கிறது. பெண்ணின் விந்துப்பைக்குப் போகும் குழாய் சுருண்டு சுருண்டு, நடுவில் திசையும் மாறிப் போகிறது. அந்த இழை இந்தக் குழாய்க்குள் நுழைந்து கடைசி வரை போக வேண்டும். ஈர நூலைப் பின்னாலிருந்து தள்ளி நீண்ட குழாய்க்குள் அனுப்பிப் பாருங்கள், பிரச்சினை புரியும்.

பொறியியலில் இதற்கு ஆய்லர் வளைவு என்று பெயர். மெல்லிய தண்டைப் பின்னாலிருந்து தள்ளினால் ஓர் எல்லைக்கு மேல் அது பக்கவாட்டில் மடங்கும். தண்டின் நீளத்தை இரட்டித்தால் அது தாங்கும் விசை நான்கில் ஒன்றாகிறது. தடிமனைப் பாதியாக்கினால் 16இல் ஒன்று. நீளமும் மெலிவும் சேர்ந்தால் இயற்பியல் கருணையே காட்டாது.

அப்படியானால் கெட்டியாகச் செய்துவிட்டால் போதுமே? போதாது. கெட்டியான இழை சுருளில் திரும்பாது, சுவரைக் குத்தும். மட்சுமுரா, கோவலேவ், கோர்ப் மூவரும் 2017இல் அளந்து சொன்னது இது: அடியில் இழை விறைப்பாக இருக்கிறது, நுனியை நோக்கிப் போகப் போக வளையும் தன்மை கூடுகிறது, நுனி மிக மென்மை. தள்ளும் இடத்தில் மடங்காது, வழி தேடும் இடத்தில் விட்டுக்கொடுக்கும். குறுகலான குழாய்ச் சுவரும் இழை பக்கவாட்டில் பிதுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. அதாவது பெண்ணின் குழாய் தடை மட்டுமில்லை, தாங்குகோலும் அதுவே. மருத்துவக் குழாய் வடிவமைக்க இது உதவலாம் என்கிறார்கள்.

இதே தொல்லைக்கு அலியோகாரா ட்ரிஸ்டிஸ் என்ற ரோவ் வண்டின் தீர்வு வேறு. அதன் இழை உடலின் இரண்டு மடங்கு நீளம். கலவி முடிந்து அதைத் திரும்ப உள்ளே இழுக்கும்போது சிக்கு விழுந்துவிடும். அதனால் ஆண் இழையைத் தன் தோள் மேல் போட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்குகிறது. பொருளை மாற்றாமல் நடத்தையை மாற்றிச் சமாளித்த கதை.

மார்ச் 9, பின்குறிப்பு

"முறிந்தால் என்ன ஆகும்?" இயர்விக் பூச்சியைப் பாருங்கள், வாலில் இடுக்கி வைத்திருக்கும் அது. யூபோரெல்லியா ப்ளெபெஜா இனத்து ஆணுக்கு நீண்ட உறுப்பு இரண்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். நடுவில் தொந்தரவு செய்தால் ஒன்று முறிந்து பெண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆண் மற்றதை வைத்துக்கொண்டு மீண்டும் சேர்ந்து கருவூட்டுகிறது. கமிமுராவும் மட்சுவோவும் 2001இல் சொன்னது. இன்னொரு இனத்தில், லாபிடுரா ரிபாரியாவில், ஏறத்தாழ 90 சதவீத ஆண்கள் வலது உறுப்பைத்தான் தயாராக வைத்திருக்கின்றன. இடது உறுப்பும் நன்றாகவே வேலை செய்யக்கூடியது. அப்படியிருந்தும் வலதே. இதில் எனக்கு நிறைய ஊகம் உண்டு, எழுதப் போவதில்லை.

மார்ச் 12

முட்களுக்கு வருகிறேன். "முள் இருந்தால் அது பெண்ணைப் பிடித்து வைக்கத்தான்" என்று கருத்துப் பகுதியில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

ஒரு முள்ளின் வேலை என்ன என்று அறிய நேரான வழி, அதை நீக்கிவிட்டுப் பார்ப்பது. லேசர் வந்த பிறகு அது முடிகிற காரியம். போலாக்கும் ரஷீதும் 2010இல் டிரோசோபிலா பைபெக்டினாட்டா என்ற பழ ஈயின் ஆணுறுப்பு முட்களை எரித்து நீக்கினார்கள். முள் இழந்த ஆண்களால் பெண்ணோடு கோத்துக்கொள்வதே கஷ்டமாகிப் போனது. ஆனால் எப்படியோ கோத்துக்கொண்டவை கருவூட்டுவதில் குறை வைக்கவில்லை. சரி, இங்கே நம் தீர்ப்பாளர் சொன்னது பொருந்துகிறது.

2012இல் ஹோட்சியும் கூட்டாளிகளும் பயறு வண்டில் அதையே செய்தார்கள். அதன் உறுப்பு நுனி முழுக்க முள். முள்ளைக் குறைத்த ஆண்கள் கலவி செய்தன, ஆனால் மற்ற ஆண்களோடு போட்டியில் அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகள் குறைவு. நீண்ட முள் பெண்ணின் குழல் சுவரைக் கிழிக்கிறது, அந்த வழியாக விந்துத் திரவத்தின் பொருட்கள் அவள் உடலுக்குள் கூடுதலாகப் போகின்றன. பிடிமானத்தை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது.

இரண்டு பூச்சி, இரண்டு முள், இரண்டு பதில். தீர்ப்பாளர் கோபப்பட வேண்டாம், பாதி வென்றுவிட்டீர்கள்.

மார்ச் 12, இரவு

பயறு வண்டின் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்று ஒரு வாசகி சுட்டிக்காட்டியிருக்கிறார். மார்ச் 3 முதல் மேலே இருப்பதை எல்லாம் திருப்பிப் படித்துப் பாருங்கள். முக்கால்வாசி ஆணைப் பற்றித்தான். அது என் ஒருவனின் பழக்கமும் இல்லை. 2014இல் மூவர் 25 ஆண்டுக் கட்டுரைகளை அலசிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி ஆணின் உறுப்பை மட்டும் ஆராய்ந்தவை. பெண்ணுடையதை மட்டும் ஆராய்ந்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் ஓரளவு கைவேலை சார்ந்தது. ஆணுடையது இறுகிய பொருள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டாலும் மிஞ்சும். பெண்ணுடையது பெரும்பாலும் சவ்வும் தசையும்; தசை கரைந்து போய்விடும், சவ்வு துவண்டுவிடும். நாங்கள் கரைத்து எறிந்ததைத்தான் "எளிய உறுப்பு" என்று எழுதி வைத்தோம்.

பயறு வண்டின் பெண் சும்மா இருப்பதில்லை. கலவியின் கடைசியில் பின்னங்கால்களால் ஆணை உதைக்கிறாள். உதைக்க முடியாமல் செய்த பெண்களில் கலவி நீண்டது, காயமும் கூடியது. இது 2000இல் வந்த ஆய்வு. அப்புறம் பல பயறு வண்டு இனங்களை ஒப்பிட்டபோது, ஆணின் முள் மோசமாக உள்ள இனங்களில் பெண்ணின் குழல் சுவரும் தடித்திருந்தது.

மார்ச் 15

மூட்டைப்பூச்சி வராமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும்.

ஆண் பெண்ணின் கலவிக்குழலைப் பயன்படுத்துவதே இல்லை. வளைந்த கூர்முனை உறுப்பால் வயிற்றுச் சுவரைத் துளைத்து உள்ளே விந்து விடுகிறது. விந்தணு உடல் திரவத்தில் நீந்தி முட்டைக்குழலைச் சேர்கிறது. பெண்ணின் குழல் முட்டையிட மட்டுமே. இத்தனையும் எல்லோருக்கும் தெரிந்த அதிர்ச்சிச் செய்தி. காணொளி போடுகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனக்குச் சுவாரசியம் துளைபடும் இடம். ஆண் எங்கே வேண்டுமானாலும் குத்துவதில்லை. பெண்ணின் வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் அதற்கென்று ஓர் உறுப்பு உருவாகியிருக்கிறது. உள்ளே நோய் எதிர்ப்புச் செல்கள் நிரம்பிய பொதி, கூர்முனையோடு வரும் கிருமிகளை அது சமாளிக்கிறது. மேலே இருக்கும் சவ்வில் ரெசிலின் மிகுதி. வெட்டுக்கிளி, தட்டான் சிறகு மூட்டுகளில் 1960இல் வெய்ஸ்-ஃபோக் கண்டுபிடித்த அதே ரப்பர்த்தன்மையுள்ள புரதம். 2015இல் மைக்கல்ஸ், கோர்ப், ரைன்ஹார்ட் மூவரும் நுண் ஊசியால் அந்த இடத்தையும் மற்ற இடங்களையும் குத்தி அளந்தார்கள். ரெசிலின் உள்ள இடத்தில் துளைக்க வேண்டிய விசை குறைவு, வெளியேறும் உடல் திரவமும் குறைவு.

யோசித்துப் பாருங்கள். தற்காப்பு என்றால் சுவரைத் தடிமனாக்குவதுதான் என்று நினைப்போம். பயறு வண்டு அப்படித்தான் செய்தது. மூட்டைப்பூச்சியோ குத்துவதை எளிதாக்கிவிட்டுச் சேதத்தைக் குறைத்துக்கொண்டது. பரிணாமத்தில் எதிர்ப்பதும் உண்டு, தாங்கிக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் வேறு வேறு பொருட்கள் தேவை. வண்டிடம் தடித்த திசு, இதனிடம் ரப்பர்.

மார்ச் 16

ஆண்தான் எப்போதும் நுழைக்கும் என்பதும் விதி இல்லை. பிரேசில் குகைகளில் வாழும் நியோட்ரோக்லா என்ற சின்னப் பூச்சியில் நீட்டிக்கொண்டு வரும் உறுப்பு பெண்ணிடம் இருக்கிறது. ஆணிடம் குழிவு. பெண்ணின் உறுப்பு உள்ளே போய் ஊதி, முட்களால் ஆணைப் பிடித்துக்கொள்ளும். கலவி 40 முதல் 70 மணி நேரம். பிடி எவ்வளவு உறுதி என்றால், ஒரு ஜோடியைப் பிரித்து இழுத்தபோது ஆணின் வயிறு நெஞ்சிலிருந்து அறுந்து வந்தது, பிடி விடவில்லை. 2014இல் யோஷிசாவாவும் சகாக்களும் வெளியிட்டார்கள். 2017இல், சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் கிடைத்தது.

காரணம் உணவாக இருக்கலாம் என்கிறார்கள். குகையில் தீனி அரிது, ஆண் விந்தோடு சத்தும் சேர்த்துக் கொடுக்கிறது. பெண்கள் அதற்காகப் போட்டி போடுகின்றன. யார் போட்டி போடுகிறார்களோ அவர்களிடம் முள் வந்து சேர்கிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

மார்ச் 20

வாசகர்களின் பேச்சு முட்டையிடும் குழலுக்கு நகர்ந்துவிட்டது. எனக்கு ஆட்சேபணை இல்லை, இயந்திரவியல் அங்கேதான் இன்னும் அழகு.

ஒட்டுண்ணிக் குளவி மரத்துக்குள் இருக்கும் புழுவின் மேல் முட்டையிட, முடி போன்ற குழலை மரத்துக்குள் இறக்குகிறது. மார்ச் 9இல் எழுதிய ஆய்லர் கணக்குப்படி அது மடங்கியிருக்க வேண்டும். மடங்காததற்குக் காரணம், குழல் ஒற்றைத் தண்டு இல்லை. மூன்று துண்டுகள் ஒன்றின் வரிப்பள்ளத்தில் மற்றொன்று பொருந்தி முன்னும் பின்னும் வழுக்கும். ஒரு துண்டின் பின்னோக்கிய பற்கள் மரத்தில் பிடித்துக்கொள்ளும்போது மற்றது கொஞ்சம் முன்னேறும். அடுத்து அது பிடிக்கும், இது முன்னேறும். இழுவையும் தள்ளுதலும் ஒன்றையொன்று சமன் செய்வதால் பின்னாலிருந்து பெரிய விசை தேவையே இல்லை. அத்திக் குளவி ஒன்றின் குழல் நுனியில் துத்தநாகம் படிந்திருப்பதை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் குண்டனாட்டியும் குண்டையாவும் 2014இல் அளந்தார்கள். நுனி மட்டும் கடினம்.

பெண் வெட்டுக்கிளி இதற்கு எதிர் வழி. மண்ணைத் துளைத்துத் தள்ளுவதில்லை. குழலின் தகடுகளை விரித்து மூடி விரித்து மூடி மண்ணை ஒதுக்குகிறது. வயிறு வழக்கமான நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீண்டு பின்தொடர்கிறது. வளையங்களுக்கு இடையே இருக்கும் சவ்வு முதிர்ந்த பெண்ணில் மட்டும் அவ்வளவு இழுபடும்.

கேட்டவருக்கு: ஆம், தேனீயின் கொடுக்கும் இதே முட்டையிடு குழலிலிருந்து வந்ததுதான். அதனால்தான் ஆண் தேனீ கொட்டாது.

மார்ச் 20, இன்னொன்று

கொசுவில் ஆண் கூட்டிலிருந்து வெளிவந்தவுடன் கலவிக்குத் தயாராக இருப்பதில்லை. வயிற்று நுனி 180 பாகை திரும்ப வேண்டும், அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பழ ஈயில் கூட்டுப்புழுப் பருவத்திலேயே முழுச் சுற்று, 360 பாகை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே விந்துக்குழாய் மட்டும் குடலைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக் கிடக்கும். பாதிச் சுற்று மூதாதையில் வந்தது, பின்னர் இன்னொரு பாதி சேர்ந்தது. ஒழுங்காக வடிவமைக்கிறவர் எவரும் இப்படிச் செய்ய மாட்டார்.

மார்ச் 27

கேள்வி கேட்ட முதல் வாசகர் திரும்ப வந்து, "அப்படியானால் உங்கள் இனம் பிரிக்கும் நூல்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா?" என்கிறார். வேண்டாம். வடிவம் வேகமாக மாறுகிறது என்பதால்தான் இனம் பிரிக்க அது நல்ல அடையாளம். ஏன் மாறுகிறது என்பது தனிக் கேள்வி. முதலாவது என் சம்பள வேலை, இரண்டாவது என் தூக்கத்தைக் கெடுப்பது.

ஒரு சேகரிப்பகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஆண் வண்டுகளுக்கு அழகான பெயர்ச்சீட்டுகள் இருந்தன. பெண்கள் எல்லாம் தனிப் பெட்டியில், "பெண், இனம் தெரியவில்லை" என்ற ஒரே சீட்டோடு. இடம் போதவில்லை என்று அந்தப் பெட்டிகளைத்தான் முதலில் கழித்தார்கள். இன்றைக்கு அவை இருந்தால் கரைக்காமல், எக்ஸ்ரேயால் படமெடுக்கும் நுண் சிடி வருடியில் வைத்து உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் பார்க்கலாம். கலவியில் இருக்கும் ஜோடியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, எது எங்கே எட்டுகிறது என்று ஊகமில்லாமல் காட்டவும் முடிகிறது.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: பெண்களைக் காய வைத்து ஊசியில் குத்த வேண்டாம், சிலவற்றையாவது ஆல்கஹாலில் போடுங்கள். ஜோடியாகப் பிடித்தால் இரண்டையும் ஒரே குப்பியில் வைத்து, ஜோடி என்று சீட்டில் எழுதுங்கள். அப்படிச் செய்தால் பெண் எந்த இனம் என்று பிறகு யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.